ரீகோவுக்குத் தெரிந்த தலை

கெரெகெஷ் அம்ப்ருஷின் உச்சந்தலையைப் பார்ப்பது ஹோர்ட்டோபாஜ் புல்வெளியில் குதிரைக்கொம்பு. கல்யாணத்தன்று அவர் தலையில் முடி இருந்தது. பாதிரியார் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு ஆதாரமாக அவர் மனைவி போர்பாலாவிடம் புகைப்படம்கூட இருக்கிறது. அதன் பிறகு முடி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. அது போன நாளிலிருந்து, நாரை இறகு செருகிய அந்த அகலமான கறுப்புத் தொப்பி தலையோடு தலையாக ஒட்டிக்கொண்டது.

கோயிலுக்குள் போனால் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலுக்கு வெளியே நின்றே ஜெபம் செய்தார். மழையிலும் பனியிலும் நிற்பதைப் பார்த்த பாதிரியார், இப்பேர்ப்பட்ட பக்திமான் எங்கும் இல்லை என்று மெச்சினார். குதிரைப் பண்ணை மேனேஜர் டெஜோ என்பவரோ, கோயிலுக்குள் காலே வைக்காத தோழர் என்று கடவுளை ஏற்காத கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களிடம் பெருமையடித்தார். ஒரு வழுக்கை ஆண்டவனையும் அரசாங்கத்தையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தியது அந்த ஒரு இடத்தில்தான்.

அம்ப்ருஷின் வேலை, மனிதர் ஏறாத இளங்குதிரைகளைப் பழக்குவது. அதில் அவருக்கு ஒரே ஒரு வேதம்தான். குதிரையிடம் தினமும் மாறாத ஒரே ஆளாகப் போக வேண்டும். அதே நீலச் சட்டை, அதே புகையிலை வாடை, அதே இடப்பக்கம், அதே சீட்டி, அதே தொப்பி. குதிரை முதுகில் ஏற்றிக்கொள்ளும் வரை அந்தச் சட்டை தண்ணீரைப் பார்க்காது, அதற்குள் இருக்கும் ஆளும் பார்க்க மாட்டார். போர்பாலா அந்த மாதங்களில் தன் படுக்கையை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொள்வாள்.

"குதிரையப் பழக்குறியா, என்னை விரட்டுறியாய்யா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்.

"வாடை மாறினா அது என்னை வேத்தாளுன்னு நெனச்சுக்கும், போரி."

"நான் ஒன்னை வேத்தாளுன்னு நெனச்சு எத்தனையோ வருசமாச்சு. அதுக்கு என்ன பண்ணப் போற?"

இந்த நிலையில்தான் ரீகோ வந்து சேர்ந்தது. கறுப்பு இளம் பெட்டைக் குதிரை. பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தது. புட்டிப் பாலில் வளர்ந்ததால் மனிதர்கள் மேல் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. பண்ணையில் ஏறிப் பார்த்தவர்களை எல்லாம் எறிந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, ரீகோ அதற்கும் ஒரு படி மேல். தள்ளிய ஆளிடம் திரும்பி வந்து, அவன் சட்டைப்பையில் இருக்கும் ஆப்பிளைத் துழாவி எடுத்துத் தின்றுவிட்டுப் போகும்.

டெஜோ இளவயதுக்காரர். குதிரைகளை அவருக்குத் தூரத்திலிருந்து பிடிக்கும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அம்ப்ருஷ் அண்ணே, கோடை விழாவுக்குத் தலைநகரத்துலேருந்து பெரிய தோழர் வராரு. அன்னைக்கு இது படுக்கணும், உக்காரணும், சாட்டைச் சத்தத்துக்கு அசையாம நிக்கணும். இல்லேன்னா மறுநாள் இத்தாலிக்காரன் லாரி வருது. அதுல ஏத்திட வேண்டியதுதான்."

இத்தாலிக்காரன் லாரியில் ஏறும் குதிரைகள் கசாப்புக்குப் போகின்றன என்பது பண்ணையில் கோழிக்குக்கூடத் தெரியும்.

அம்ப்ருஷ் அன்றே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். முதலில் வட்டப்பட்டிக்குள் போய், ரீகோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார். பார்ப்பவர்களுக்கு அது வேலை செய்வது போலவே இருக்காது. ரீகோ அவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது, உதைத்தது, வேலியைக் கடித்தது. பிறகு, இந்த மனுஷன் எதையும் கேட்க மாட்டேன் என்கிறானே என்று அதற்கே ஆவல் வந்து மெல்ல நெருங்கியது. நெருங்கினால் இவர் தள்ளிப் போவார். அது பின்னால் வரும். ஒரு காலையில் அது வந்து தன் கனமான தாடையை அவர் வலது தோளில் வைத்துப் பெருமூச்சு விட்டது. அம்ப்ருஷ் அந்தத் தோளை அசைக்காமல் நின்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தோளில் யாரும் தலை வைத்துத் தூங்கியதில்லை.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நீண்ட சாட்டையைத் தொலைவில் சொடுக்கி, பிறகு பக்கத்தில், பிறகு காதுக்கு மேலேயே சொடுக்கினார். சாட்டை நுனி ஒருமுறைகூட அதன் மேல் படவில்லை. முழங்காலில் சாட்டைக் கம்பால் தட்டினால் படுக்கக் கற்றது. படுத்த பிறகு அதன் விலாமேல் அவர் ஏறி நின்று சாட்டை சொடுக்கினாலும் கொட்டாவி விட்டது. பிறகு நாயைப் போலப் பின்னங்காலில் உட்காரவும் கற்றது. அந்தப் புல்வெளிக்காரர்களின் சேணத்தில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் கிடையாது. கம்பளித் துண்டும் கால் வைக்க இரண்டு அங்கவடியும்தான். குதிரைக்கு மனசு இல்லையென்றால் சேணமும் ஆளும் சேர்ந்தே தரைக்கு வந்துவிடுவார்கள். ரீகோ அவரை அப்பளம்கூட நொறுங்காத பக்குவத்தில் சுமந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் டெஜோ ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். கடைசியில வணக்கம் சொல்றப்போ தொப்பியைக் கழட்டிடணும்."

"முடியாது."

"பெரிய தோழர் முன்னாடி தொப்பியோட நின்னா, அது அரசாங்கத்தை அவமதிச்ச மாதிரி ஆயிடும்ணே."

"தம்பி, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. தொப்பிக்கும் அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. கழட்டலேன்னா ரீகோவுக்கு லாரிதான்."

அன்று மாலை அம்ப்ருஷுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்றிக்கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கைக் கரண்டியால் இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஊரே சிரிக்கும், போரி."

"சிரிக்கட்டும். சிரிப்பு நின்னப்புறம் குதிரை உசுரோட இருக்கும். ஒன் வழுக்கை பெருசா, அது உசுரு பெருசா?"

அம்ப்ருஷ் வெகுநேரம் யோசித்தார். அந்த யோசனையில் அவர் வெட்கத்தைப் பற்றி யோசித்தார், ஊர் வாயைப் பற்றி யோசித்தார். குதிரையின் பக்கமிருந்து மட்டும் யோசிக்கவில்லை. ஒரே ஆளாகப் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் ஓதிய மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

"சரி, கழட்டுறேன்," என்றார். சுயகௌரவத்தைத் தியாகம் செய்துவிட்ட நிம்மதியில் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

விழா நாளில் ரீகோ குறை வைக்கவில்லை. ஓடியது, நின்றது, படுத்தது, உட்கார்ந்தது. சாட்டை துப்பாக்கி மாதிரி வெடித்தபோது பெரிய தோழர்தான் திடுக்கிட்டார், ரீகோ ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்ப்ருஷ் இறங்கி அதன் பக்கத்தில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

புருவத்துக்குக் கீழே செங்கல் நிறம், மேலே சுண்ணாம்பு வெள்ளை. செம்மண் சட்டிமேல் உரித்த முட்டையை வைத்த மாதிரி வெயிலில் மின்னியது. கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் ரீகோ சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தது, காதைப் பின்னால் மடித்தது. யாரோ ஒரு வெள்ளைத் தலைக்காரன் தன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! ஒரே உதறு. அம்ப்ருஷ் புல்லில் உருண்டார். தொப்பி கையை விட்டுப் போனது. புல்வெளிக் காற்று சும்மா இருக்குமா? அதை உருட்டிக்கொண்டு போய்ப் பெரிய தோழரின் காலடியில் சேர்த்தது.

ரீகோ தொப்பியின் பின்னாலேயே ஓடியது. டெஜோ நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார். பெரிய தோழர் மட்டும் நல்ல மனநிலையில் இருந்தார். மத்தியானம் பழச்சாராயம் கொஞ்சம் தாராளமாகவே பரிமாறப்பட்டிருந்தது. குனிந்து தொப்பியை எடுத்து, வேடிக்கையாகத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

ரீகோ நின்றது. பெருமூச்சு விட்டது. தன் தாடையைப் பெரிய தோழரின் வலது தோளில் வைத்தது.

"பாத்தீங்களா!" என்று பெரிய தோழர் கண் கலங்கினார். "மிருகத்துக்குத் தெரியுதுய்யா, யாரு நல்லவன்னு! இதை நானே கூட்டிட்டுப் போறேன்."

டெஜோவுக்கு உயிர் வந்தது. கைதட்டினார். லாரி தப்பியது, குதிரை பிழைத்தது, எல்லாம் சுபம். அம்ப்ருஷ் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் கண்ணுக்கு அடுத்த வாரம் தெரிந்தது: தலைநகரத்து லாயத்தில் இந்த ஆள் தொப்பியில்லாமல் போவார், ரீகோ அவரைத் தூக்கி எறியும், அதன் பிறகு அதற்கு லாரிகூடக் கிடையாது, துப்பாக்கிதான். எழுந்து, உடம்பில் ஒட்டிய புல்லோடு, வெற்றுத் தலையோடு முன்னால் வந்தார்.

"ஐயா, அது ஒங்களை நேசிக்கலைங்க."

"என்னது?"

"தொப்பியைத்தான் நேசிக்குது. என்னையும் அது நேசிச்சதில்லை." இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "இத்தனை நாளும் எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

டெஜோ வெளுத்துப் போனார். பெரிய தோழர் முகம் சுருங்க, தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். ரீகோ அவர் கோட்டுக் காலரைக் கடித்தது. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். தாடை தோளுக்கு வந்தது. டெஜோவைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார். டெஜோ தயங்கித் தயங்கிப் போட்டுக்கொண்டார். ரீகோ அவர் காலடியில் படுத்தது. பேண்டு வாத்தியக்காரர், சமையல்காரி, மாவட்டக் கால்நடை டாக்டர் என்று வரிசை நின்றது. தொப்பி யார் தலைக்குப் போனாலும் ரீகோவின் அன்பும் கூடவே போனது. கடைசியில் தொப்பியை ஒரு தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்தார்கள். குடத்தின் முன்னாலும் அது நாயைப் போல உட்கார்ந்தது.

பெரிய தோழர் குடத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"அப்படின்னா," என்றார், "யார் சொன்னாலும் கேக்குற குதிரை. ஒரே ஆளைப் புடிச்சுத் தொங்காத குதிரை. நம்ம கட்சிக்கு ஆகாத தனிநபர் வழிபாடே இல்லாத குதிரை! இதையா லாரியில ஏத்தப் பாத்தீங்க?"

"ஐயோ, நான் அப்பவே சொன்னேனே," என்றார் டெஜோ.

ரீகோ பண்ணையிலேயே இருக்க வேண்டும், வரும் விருந்தாளிகள் எல்லாம் ஏறிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. தொப்பி பண்ணைச் சொத்தானது. லாயக் கதவில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார்கள்.

குதிரை பிழைத்தது என்று அம்ப்ருஷ் சந்தோஷப்படத்தான் பார்த்தார். ஆனால் தினமும் ஒரு வண்டி ஆட்கள் வந்து, மாற்றி மாற்றித் தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு படம் எடுத்தபோது வயிறு எரிந்தது. ஆணியிலிருந்து எடுத்துத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். தாடை வந்தது. அவருக்கு அது இனிக்கவில்லை. குடத்துக்கும் இதே மரியாதைதானே என்று கழற்றி மாட்டிவிட்டார்.

போர்பாலா சந்தையில் புதுத் தொப்பி வாங்கி வந்தாள்.

"வேணாம், போரி. வெந்நீர் போடு."

"எதுக்கு?"

"குளிக்க."

போர்பாலா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

ரீகோவிடம் அவர் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை வேதம் தலைகீழ். ஒருநாள் வெள்ளைச் சட்டை, மறுநாள் கட்டம் போட்டது. ஒருநாள் சோப்பு வாடை, இன்னொரு நாள் வெங்காயம். ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் பாட்டு, ஒருநாள் மௌனம். மாறாதது உள்ளே இருந்த ஆள் மட்டும்தான். வழுக்கையைக் காட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பட்டிக்குள் நின்றார். ரீகோ கடித்தது, உட்காரும் இடத்தில். உதைத்தது. உச்சந்தலை வெயிலில் வெந்து தோலுரிந்தது. போர்பாலா தினமும் கொழுப்பைத் தடவி விட்டாள். மேய்ப்பர்கள், இந்த ஆளுக்குத் தொப்பியோடு மூளையும் போய்விட்டது என்றார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, விருந்தாளி ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு பட்டிக்கு வந்தார். டெஜோவும் கூட வந்தார். அம்ப்ருஷ் வழக்கம்போல உள்ளே முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். விருந்தாளி சீட்டியடித்தார். ரீகோ நிமிர்ந்து தொப்பியைப் பார்த்தது. நாரை இறகு காற்றில் ஆடியது. ரீகோ இரண்டடி எடுத்து வைத்தது, நின்றது. பிறகு திரும்பி நடந்து, அம்ப்ருஷின் வலது தோளில் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டது. விருந்தாளி மறுபடி சீட்டியடித்தார். அது திரும்பவே இல்லை.

டெஜோவுக்கு வேர்த்துவிட்டது. விருந்தாளியின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வேலி ஓரமாக ஓடி வந்தார்.

"அண்ணே! தனிநபர் வழிபாடு வந்துடுச்சேண்ணே! பெரிய தோழருக்குத் தெரிஞ்சா என் கதி என்ன? தயவுசெஞ்சு இந்தத் தொப்பியை நீங்களே போட்டுக்குங்க. பழையபடி அது தொப்பிக்குத்தான் அடங்குதுன்னு சொல்லிக்கலாம். கெஞ்சிக் கேக்குறேன்."

வேலிக்கு வெளியே பால்வாளியோடு போர்பாலா நின்றிருந்தாள். உரிந்து சிவந்த அந்தத் தலைக்குக் கீழே, அம்ப்ருஷின் இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிவதை அவள் பார்த்தாள். பால்வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

அம்ப்ருஷ் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. ரீகோ தூங்குது."