கிணற்றில் மருந்து போட்ட கோடை

கல்யாண வீடுகளில் இப்போது வாசலிலேயே ரோஸ் மில்க் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று எண்ணி, பாவம், யாராவது வெந்நீர் கொண்டுவந்து தருவார்கள். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த நிறம்தான் ஆகாது. ஏழு வயதில் அந்த நிறத்தில் ஒரு கிணற்றையே பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கும் இண்டூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. எல்லாம் பங்காளி வீடுகள். குடிதண்ணீருக்கு ஒரே ஒரு கிணறு. இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சண்டை எங்கேயோ நடந்தது. அரிசியும் சீமெண்ணெயும் எங்கள் ஊரில் காணாமல் போயின. போதாக்குறைக்கு அந்த வருஷம் மழையும் காணாமல் போயிற்று. சித்திரை பிறந்தபோது கிணற்றின் அடியில் இடுப்பளவுத் தண்ணீர்தான் கிடந்தது. கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தால் எப்போதோ ஒரு நேரம் குடம் தண்ணீரைத் தொடும்.

அந்த வெயிலில்தான் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பேதி வந்தது. காலரா என்ற பெயரெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான். அப்போது வாந்திபேதி என்றுகூட யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். காலையில் 'அது' கண்டவர் பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். முதலில் ஓடைப் பக்கமிருந்து சாவு மேளம் கேட்டபடியே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மேளம் நின்ற பிறகுதான் பெரியவர்கள் முகம் இன்னும் கறுத்தது. அடிப்பதற்கு ஆள் எழுந்திருக்கவில்லை என்று அம்மா யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்.

ஊர் கூடிப் பேசி, வரும் பாதையில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அதற்கு மேலே வேப்பந்தோரணம் கட்டினார்கள். சந்தைக்கு யாரும் போகக் கூடாது, வெளியூர்ச் சொந்தம் யாரும் வரக் கூடாது. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கவே கூடாது, ஏனென்றால் மேலே அந்த ஊர்க்காரர்கள் செத்தவர்களின் துணியை அங்கேதான் அலசினார்கள். உப்பு தீர்ந்த வீட்டுக்கு உப்பும், மோர் இல்லாத வீட்டுக்கு மோரும் கேட்காமலே போயின. எங்கள் பங்காளிகள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அந்தக் கோடையில் மட்டும்தான்.

தருமபுரியிலிருந்து ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். அவருக்காக முள்ளை விலக்கினார்கள். கூட வந்த ஆள் தகரப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்காய் நிறத்தில் கல் உப்பு மாதிரி எதையோ வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினார். ஊற்றும்போதே இன்ஸ்பெக்டர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார்: பழைய களியைக் கரைத்துக் குடிக்காதீர்கள், ஈ மொய்த்ததைத் தொடாதீர்கள், தண்ணீரைக் காய்ச்சுங்கள், இன்றைக்கு மொள்ள வேண்டாம், காலையில் நிறம் போய்விடும், அப்புறம் குடிக்கலாம். இன்னும் நிறைய ஊர் பார்க்க வேண்டும் என்று சைக்கிளைத் திருப்பினார்.

காலையில் நிறம் போகவில்லை. கிணற்றின் அகலத்தைப் பார்த்து மருந்து போட்டாரே தவிர, கோடையில் அடியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. இது நான் வளர்ந்த பிறகு போட்ட கணக்கு. அன்றைக்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, கீழே செக்கச்செவேலென்று ஒரு வட்டம் தெரிந்தது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டேன். குடத்தோடு வந்த பெண்கள் யாரும் கயிற்றைத் தொடவில்லை.

"ரத்தமாட்டம் இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி.

சித்தப்பா அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்திருந்தார். "அரிசி இல்லாத காலம். எத்தன பேரு கொறையறாங்களோ அத்தன லாபம்னு சர்க்காரு நெனச்சிருக்கும்" என்றார். அவர் சேலம் வரைக்கும் போய்வந்தவர், அதனால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

உச்சிப் பொழுதுக்குள் வீட்டில் இருந்த தண்ணீர் முடிந்துவிட்டது. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. உதடு வெடித்து, ஈரத்துணியைச் சப்பிக்கொண்டு கிடந்தான். அழுதான், கண்ணில் நீர் வரவில்லை. அம்மா பொறுக்க முடியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் கிளம்பினாள். அத்தைதான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க அண்ணி. அந்தத் தண்ணிய மட்டும் புள்ளைக்குக் கொடுத்துடாதீங்க. நான் பாத்திருக்கறேன்."

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான முதல் வருஷமே புருஷனை 'அது' கொண்டுபோய்விட, திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். சாணி வாருவதிலிருந்து களி கிண்டுவது வரைக்கும் எல்லாம் அவள்தான். தம்பி பிறந்ததிலிருந்து அவள் இடுப்பில்தான் இருந்தான். விசேஷ வீடுகளுக்கு மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். வீட்டுக்குக் காவல் வேண்டாமா என்பாள் அம்மா. நியாயம்தானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஊரே கிணற்றடியில் கூடியது. எதற்காவது வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் ஒருவர். நாய்க்கு வைத்தார்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது, பயம் இன்னும் கூடியது. மாட்டுக்கு வைக்கலாம் என்றார்கள். யாருடைய மாடு என்று கேட்டதும் ஒருவர் உழவைச் சொன்னார், ஒருவர் தன் மாடு சினை என்றார், இன்னொருவர் மாடு இப்போதுதான் கன்று போட்டிருந்தது. பேச்சு நின்ற இடத்தில் எல்லாருடைய கண்ணும் மெல்ல ஒரே பக்கம் திரும்பியது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அத்தை அங்கே நின்றிருந்தாள்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியை அம்மாவிடம் கொடுத்தாள். அப்பாவின் பக்கம் திரும்பி, "அண்ணா, நான் குடிச்சிப் பாக்கறேங்க" என்றாள்.

எங்கள் சேவலை யாராவது கல்லால் அடித்தாலே சண்டைக்குக் கிளம்புகிறவர் அப்பா. அன்று தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலிருந்து துண்டை எடுக்கட்டும் என்று அத்தை காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை.

"சாமியக் கும்பிட்டுக் குடி, மகராசி" என்றார் ஊர்க்கவுண்டர். அத்தையை ஒருவர் மகராசி என்று அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை பேர் இருக்கும்போது ஊருக்காக எங்கள் அத்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அவளே மொண்டாள். சொம்பில் ஊற்றி, நிறுத்தாமல் முழுவதும் குடித்தாள். மோவாயில் வழிந்தது சிவப்பாக இருந்தது. பொழுது சாயும் வரைக்கும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் புங்கமரத்தின் கீழே உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் எட்டி நின்றார்கள்.

அந்த மாதிரி ஒரு மத்தியானத்தை நான் பிறகு அனுபவித்ததே இல்லை. காற்று அசையவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அத்தை காலை மாற்றிப் போட்டால் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முறை குனிந்து வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள், சித்தப்பா இரண்டடி பின்னால் போனார். எறும்பைத்தான் தட்டிவிட்டாள். நான் அவளிடம் ஓடப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அப்பா மட்டும் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கும் என்னைப் போலப் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அத்தையின் தலை மரத்தில் சாய்ந்தது. கண் மூடிவிட்டது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். யாரும் நகரவில்லை. நான் "அத்தே" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, எனக்கு அப்படித்தான் இருந்தது, அவள் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். தூங்கியிருக்கிறாள். விடிகாலையிலிருந்து வேலை செய்தவளுக்கு உட்காரக் கிடைத்ததே அன்றைக்குத்தான்.

பொழுது சாய்ந்தது. அத்தை எழுந்து, யாரையும் கேட்காமல் ஒரு குடம் மொண்டாள். அம்மா ஓடிவந்து தம்பியை நீட்டினாள். அத்தை அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டாள். அவன் நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தான். அப்புறம்தான் கூட்டம் முண்டியடித்தது. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சித்தப்பா இரண்டு சொம்பு குடித்துவிட்டு, சர்க்கார் மருந்து என்றால் லேசுப்பட்டதா என்றார். கடைசியாக அப்பா வந்து குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். அத்தை ஊற்றினாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தார், பார்க்காமலே போனார்.

அந்தக் கோடை முடியும்வரை 'அது' எங்கள் ஊருக்குள் வரவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான்.

அன்று எல்லாரும் குடித்து முடித்த பிறகு அத்தையைக் காணோம். தேடிப்போனேன். வைக்கோல்போருக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மரத்தடியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கசக்குதா அத்தே?" என்று கேட்டேன்.

என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமாங் கண்ணு. ரொம்பக் கசக்குது."

நான் வீட்டுக்கு ஓடி, அடுக்குப் பானையில் அம்மா ஒளித்து வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வந்து அவள் வாயில் போட்டேன். அத்தை அதை மென்றாள், மென்றுகொண்டே அழுதாள். வெல்லம் கரைந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. மருந்து அவ்வளவு கசப்பு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை நான் நக்கினேன்.