மேற்கு ஜன்னல் அறை

மகனின் பட்டமளிப்புக்கு இங்கிலாந்தின் யோர்க் நகரத்துக்குப் போவதென்றால், விசா விண்ணப்பத்தோடு தங்குமிடமும் காட்ட வேண்டும் என்றார்கள். நானும் மனைவியும் ஒரு வாரமாகக் கைபேசியில் ஹோட்டல் தேடினோம். பேய் உலாவுவதாகப் பெருமையாக விளம்பரம் போட்டிருந்த ஒன்றை அவள் உடனே தள்ளினாள். பழைய நகர மதிலுக்குப் பக்கத்தில், ஒன்பதே அறைகளும் பூப்போட்ட திரைச்சீலைகளுமாக இருந்த சின்ன ஹோட்டல் அவளுக்குப் பிடித்துவிட்டது.

“மேற்குப் பக்கம் ஜன்னல் உள்ள அறையாக் கேளுங்க. முசல்லாவ நேரே போட்டுத் தொழலாம்,” என்றாள்.

கல்முனையில் பிறந்ததிலிருந்து மேற்கு நோக்கியே தொழுகிறவர்கள் நாங்கள். எனக்கும் உறைக்கவில்லை. அப்படியே கேட்டு எழுதினேன்.

விசா மறுக்கப்பட்டது. நாங்கள் திரும்பி வருவோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு அந்தக் குளிரில் ஒளிந்திருந்து என்ன செய்வோம் என்று நினைத்தார்களோ!

மறுநாள் ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. மேற்கு ஜன்னல் அறையை எங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார்களாம். மகனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“வாப்பா, இங்க கிப்லா தென்கிழக்கு. மேற்க பார்த்து நிண்டா மக்கா முதுகுக்குப் பின்னால,” என்றான்.

மனைவி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப தென்கிழக்குப் பக்கம் அறை இருக்கா எண்டு கேளுங்க.”

“விசாவே இல்ல, அறை என்னத்துக்குப் புள்ள?” என்று கத்தினேன்.

“ஓம், தெரியும். சும்மா கேளுங்க.”

கேட்டேன். இருக்கிறதாம்.