கேசட் இல்லாத பாட்டு

என் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். தொண்ணூற்றொன்பதில் நீண்ட லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். பெட்டி என்று சொல்வது பழக்கதோஷம். அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அதற்கு முன் அவர் கொண்டுவந்தவை எல்லாம் பார்த்தாலே இன்னதென்று தெரிகிற சாமான்கள். வாக்மேனில் கேசட் சுற்றுவது கண்ணாடி வழியாகத் தெரியும். அடுத்து வந்த சிடி பிளேயர் தட்டு அகலத்துக்கு இருந்தது. பஸ் ஒரு குழியில் இறங்கினால் போதும், பாடுகிறவர் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த சரணத்துக்குத் தாவிவிடுவார். புதிதாக வந்ததில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது. அண்ணன் அதைப் பொடி டப்பியைத் தட்டுவதுபோல உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். பாட்டு நிற்கவில்லை.

"பாட்டு எதுலண்ணே இருக்கு?"

"உள்ள ஒரு சில்லு இருக்கு. அதுல பாட்டு பூராம் நம்பரா இருக்கும். நீ கணக்கு டீச்சர்தானே, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

எட்டுப் பாட்டுகள்தான் அதில் கொள்ளும். அண்ணனோடு அறையில் தங்கியிருந்த சீனர் ஒருவர் ஏற்றிக் கொடுத்திருந்தார். ஏழு தமிழ் சினிமாப் பாட்டு, எட்டாவதாக அவருக்குப் பிடித்த ஒரு சீனப் பாட்டு. மாற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். காரைக்குடியில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நானும் அண்ணனும் வயரோடு போனோம். சென்டர்காரர் வயரின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது பிரிண்டர் மாட்டுற எடம் சார். பாட்டெல்லாம் பேப்பர்ல வந்துருச்சுன்னா நான் என்ன செய்றது?"

அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. ஆகவே அந்த எட்டுப் பாட்டோடு நான் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

அப்போது அமராவதிபுதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். தினமும் பஸ்ஸில் போகும்போது பெட்டியைச் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு, வயரைக் காதில் மாட்டிக்கொள்வேன். ஒரு நாள் அப்பா வழியில் பெரியம்மா முறையாகிற ஒருவர், மானகிரிக்காரர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. தோளில் தட்டியதும் வயரைக் கழற்றினேன்.

"என்னத்தா இது, காதுல?"

"பாட்டுக் கேக்குறேன் பெரியம்மா."

"கேசட்டு எங்க?"

"இதுக்குக் கேசட்டு இல்ல."

"கேசட்டு இல்லாம பாட்டு எங்குட்டு இருந்து வரும்?" பெட்டியை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, திரும்ப என் மடியில் வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட மறைக்கணுமாத்தா? இந்த வயசுல காது மிஷினா?"

நான் சொன்ன எதுவும் ஏறவில்லை. அவர் காதில் மாட்டிவிடலாம் என்றால், ஆண்டவர் தனக்கு நல்ல காது கொடுத்திருக்கிறார் என்று கையைத் தட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் மன்றாட்டு வாசித்தார்கள். மழைக்காக, படிக்கிற பிள்ளைகளுக்காக, பிறகு, செவித்திறனை இழந்து தவிக்கும் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியைக்காக. கோயில் முழுக்க ஒரே குரலில், கேட்டருளும் என்றது. யாரோ பாவம் என்று நானும் சேர்ந்து சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் ஓடினேன். "ஃபாதர், எனக்கு நல்லாக் காது கேக்கும்" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்து, உதட்டை நன்றாக விரித்து, "இந்த விசுவாசம்தாம்மா வேணும்" என்று கத்தினார்.

அதன்பிறகு ஊரே என்னிடம் கத்திப் பேசியது. கண்டக்டர் சீட்டுக் கொடுத்துவிட்டு, இறங்கும் இடம் வந்ததும் விரலால் வாசலைக் காட்டினார். பெரிய டீச்சர் என்னைச் சத்தம் குறைந்த வகுப்புக்கு மாற்றினார். அப்படி ஒரு வகுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால், "மிஷினை மறந்துட்டீகளா டீச்சர்?" என்று வழிமறித்தார்கள். பதில் சொன்னால், உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்கிறாளே என்று வியந்தார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல என் மேல் இரக்கம்தான் கூடியது.

இந்த நேரத்தில்தான் சிங்கம்புணரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க். விவசாயக் குடும்பம். தரகர் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. இல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்லியிருந்தார். அப்படியும் அவர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்றபோது அம்மாவுக்குச் சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அத்தை என்று நான்கு பேர் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போனதும் மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தார். பிறகு கையை விரித்து வட்டமாகச் சுற்றினார். கட்டைவிரலைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈ விரட்டுகிறார் போல என்று அம்மா போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது.

அத்தை எழுந்து, ஜன்னலைப் பார்க்கிற மாதிரி எனக்குப் பின்னால் வந்து நின்றார். மிகவும் மெதுவாக, யாரிடமும் இல்லாமல், "பொண்ணு கொஞ்சம் கறுப்புத்தான்" என்றார்.

நான் திரும்பி, "பஸ்ஸுக்கு வெயில்ல நிக்கிறேன்ல, அதான்" என்றேன்.

அத்தை என் ஜிமிக்கியைத் தூக்கிக் காதுக்குள் எட்டிப் பார்த்தார். "வெளிய ஒண்ணும் தெரியல. உள்ளுக்குள்ளயே வச்சிருக்காக. சிங்கப்பூர்ச் சாமான்ல?"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். "இது பாட்டுக் கேக்குறது. நீங்களே கேளுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா காதில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

அந்தப் பெரியவர் வந்ததிலிருந்து எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரொம்பத் தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வயர் காதில் ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் விரிந்தது. சீனப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, "கேக்குதே! எனக்கு நல்லாக் கேக்குதே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

அவர் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வருசமா இவுகளுக்குக் காது மந்தம். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக."

சொன்னபிறகுதான் எங்கே இருக்கிறோம், எதற்கு வந்தோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் மட்டும் கால் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும் என்று எங்களைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். கிணற்றடியில் அவர் நேராகவே கேட்டார்.

"உண்மையிலேயே ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் வாரவாரம் மதுரைக்குப் போனதெல்லாம் வீணா?"

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரைப் பிடித்து, சைகை மொழி பழகியிருக்கிறார். நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, பிடித்திருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு வந்திருந்ததாம். அந்த மூன்றையும்தான் கூடத்தில் கேட்டிருக்கிறார். எனக்குப் புரியவில்லை என்றதும், பாவம், இவளுக்குச் சைகைகூட யாரும் சொல்லித்தரவில்லை என்று வருத்தப்பட்டாராம்.

காதே கேட்காது என்று நம்பி, அதனால் என்ன, நான் பேசப் பழகிக்கொள்கிறேன் என்று பஸ் ஏறிய ஆள்.

"கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லணும்?" என்று கேட்டேன்.

காட்டித் தந்தார். அதேபோலச் செய்தேன். சரியாக வரவில்லை போலிருக்கிறது. என் விரலைப் பிடித்துத் திருத்தப் போனவர், பாதியில் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. மாமனாரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக அதுவரை யாராலும் முடிந்ததில்லை. மானம் போகும் என்பார். இப்போது மருமகளே மிஷின் மாட்டுகிறாளே, எனக்கென்ன வெட்கம் என்று அவராகவே மதுரைக்குக் கிளம்பினார். என்னுடையது மிஷின் இல்லை என்று நான் சொல்லப் போனேன். வேண்டாம் என்று என் கணவர் கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

மாமனாருக்கு நிஜமான மிஷின் வந்தது. இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று குறைப்பட்டார். என்னுடையதில் பாட்டெல்லாம் வருகிறது, அவருடையதில் மாமியார் பேசுவதுதான் வருகிறதாம்.