பாய் வீட்டு ஐந்தாம் எண்

ரிமோட்டில் ஐந்து என்ற எண்ணின் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். பர்மாவில், எங்கள் பசுந்தாங் பேட்டையில் டிவி ரிப்பேர் கடையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. துணிக்கடைப் பாய்தான் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினார். பார்வை போன பிறகு அந்தப் புடைப்பை வைத்துத்தான் அவர் டிவி கேட்டார். ஐந்தில் தமிழ்ச் செய்தி. அதற்கு மேலே பர்மியச் செய்தி, கீழே பழைய படம், இடப்பக்கம் பந்தாட்டம்.

அந்த ஏற்பாடு என் அத்தானுடையது. அக்காவின் கணவர், கடையும் அவருடையதுதான், நான் கூடமாட வேலை செய்தேன். எங்கள் தெருவில் எந்த வீட்டில் டிஷ் பூட்டினாலும் தமிழ்ச் செய்தியை ஐந்தில்தான் வைப்பார். யார் வீட்டில் போய் உட்கார்ந்தாலும் எண் மாறக்கூடாது என்பார். ஒன்றில் வையுங்கள் என்று வீட்டுக்காரர் கெஞ்சினாலும் மசியமாட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேண்டுமானால் அக்காவைக் கேளுங்கள்.

பிறகு டிஷ்ஷோடு இணைக்கும் புதுப் பெட்டிகள் வந்தன. பாய் வீட்டில் ஒன்றைப் பொருத்திய அத்தான், வழக்கம்போல் சானல்களைத் தானாகத் தேடும்படி விட்டு, ஐந்து ஐந்தாகவே இருக்கும் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார். சரிபார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். தமிழ்ச் செய்தி நூற்றுப் பதினேழுக்குப் போயிருந்தது. பாயின் நடுங்கும் விரல் மூன்று எண்களையும் அழுத்தி முடிப்பதற்குள் பெட்டி எங்கோ தாவிவிடும்.

டிவியோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆற்றுக்கு அக்கரையில் தாகேதாவில் இருந்த பாயின் மகள், தனியாக இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வேலையை நானே பார்த்துக்கொள்ளும்வரை இந்த வீட்டை விடமாட்டேன் என்பது பாயின் பதில். டிவி போடக்கூடப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அவள் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அழைத்துப்போக வருவதாகச் சொல்லிவிட்டாள். அத்தானுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் புலம்பினார். அவள் ஊரில் ஓர் உள்ளூர் நிலையத்தை எல்லோரும் ஏழு என்றுதான் சொல்வார்களாம். டிஜிட்டலுக்கு மாறியபோது அதன் அலைவரிசை வேறெங்கோ போய்விட்டதாம். ஆனாலும் ஏழாம் எண்ணை அழுத்தினால் இன்றும் அதே நிலையம்தான் வருமாம். அத்தான் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அலை எங்க வேணா போவட்டும்டா. நம்பரு ஜனங்களோடது."

அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் குடைந்தார். வாங்கியவர் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மெனு மூலையில், சானல்களை இடம் மாற்றும் வசதி பூட்டிக் கிடந்தது. கடவு எண் நான்கு பூஜ்யம். அதற்கா இரண்டு நாள் என்று நான் சிரித்தேன், முறைத்தார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது மகள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அத்தான் பெட்டியைத் திருத்தி, இனி யாரும் தேடவிட்டுக் கலைத்துவிடாதபடி பூட்டினார். இந்த முறை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ரிமோட்டைப் பாயின் கையில் வைத்தார், அவ்வளவுதான். பாயின் கட்டைவிரல் தடவித் தடவிப் போய் நின்றது. அழுத்தினார். வீடு அதிரத் தமிழ்ச் செய்தி வந்தது. மேலே, கீழே, இடப்பக்கம் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி செய்திக்கே வந்தார். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

அத்தான் இப்போது இல்லை. பாய் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர் வைக்கும் சத்தத்தில் தெருவுக்கே செய்தி தெரிந்துவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை மகள் கையில் பையோடு நின்று, "வாப்பா, கார் நிக்குது" என்றாள்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார் பாய். "நான் செய்தி கேக்கணும்."