கேட்டதாக எழுதிய பூங்கொத்தி

என் தம்பி லாயிட் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கிரில், கேட் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். இப்போது அவனுக்கு நாற்பத்தாறு. முப்பது வருஷமாக அதே பட்டறை, கையில் அதே கிரைண்டிங் மெஷின். வெல்டிங் வைத்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்குவது அவன் வேலை. அவன் தேய்த்த குழாயில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் முதலாளியே வாடிக்கையாளர்களிடம் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வார்.

வாரத்தில் ஆறு நாள் அவன் "ஏய் லாயிட்". ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் மட்டும் "லாயிட் சார்".

அது ஆரம்பித்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஹெண்ணூர் தாண்டி ஓர் ஏரிக்கரைக்கு வேலி போடப் போனான். பன்னிரண்டு நாள் வேலை. மெஷினை நிறுத்திய போதெல்லாம் ஒரு சின்னக் குருவி புது வேலியில் வந்து உட்கார்ந்து, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் கத்தியது. அது என்ன குருவி என்று காவல்காரரைக் கேட்டான். குருவி என்றார் அவர். லாயிட்டுக்கு அது போதவில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு பறவைப் புத்தகம் வாங்கி, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, மூன்றாவது வாரம் கண்டுபிடித்தான். தையல்சிட்டு. பிறகு அவன் விடவில்லை. லால்பாக், நந்தி மலை என்று விடுமுறை நாளெல்லாம் அலைந்தான். எட்டு வயது மகள் கேரலையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகும்போது, "நாங்க சாமியப் பாக்கறோம், நீங்க காக்காயப் பாருங்க" என்பாள். நானும் அவனும் சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்வோம்.

ஏரியைச் சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் வந்தபிறகு, அங்கே குடியிருக்கும் சாப்ட்வேர்காரர்கள் பிள்ளைகளோடு அவன் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். அவன் நின்றால் நிற்பார்கள். அவன் வாயில் விரலை வைத்தால் மூன்று வயதுக் குழந்தைகூடப் பேசாது. மரத்தைப் பார்க்காமலே, "சவுக்கு மரத்துக்கு மேல, குக்குறுவான், ஒண்ணு" என்பான். எல்லோரும் தேடுவார்கள். அங்கே ஒன்று இருக்கும். நூற்று எழுபது பறவைகளைக் குரலை வைத்தே சொல்வான்.

எழுதுவது என் பொறுப்பு. நான் பத்தாவது வரை படித்தவள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் வேலை பார்த்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பறவையின் பெயர், இடம், எண்ணிக்கை; கண்ணால் பார்த்ததற்கு ஒரு கட்டம், காதால் கேட்டதற்கு ஒரு கட்டம். மாதக் கடைசியில் கஸ்தூரிரங்கன் என்கிற பெரியவர் அதை வாங்கிப் போய் டைப் செய்து, ஏரியின் வாசல் போர்டில் ஒட்டுவார். கீழே "பதிவு: லாயிட்" என்று இருக்கும். பட்டறைக்கு வருகிற யாருக்கும் அந்தப் போர்டைப் பற்றித் தெரியாது.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய காற்றும் மழையும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போனோம். எனக்கு முட்டி வலி. தூக்கமும் சரியில்லை. ஏரியின் வடக்கு மூலையில் பாதை திரும்பும். திருப்பத்துக்கு இருபது தப்படி முன்னாலேயே லாயிட் எப்போதும் நிற்பான். அன்றும் நின்றான். தலையைச் சாய்த்தான்.

"கசகசா மரத்துல பூங்கொத்தி. ரெண்டு. குரல்" என்றான்.

சிவப்பாக, இனிப்பாகச் சின்னப் பழம் பழுக்குமே, அதைத்தான் இங்கே கசகசா மரம் என்கிறோம். அந்தப் பழத்துக்காகப் பூங்கொத்தி வரும். பெருவிரல் அளவுதான் இருக்கும். கம்பியால் கண்ணாடியைச் சுரண்டினமாதிரி மெல்லிய குரல். நான் எழுதினேன். பூங்கொத்தி, இரண்டு, காது.

திருப்பம் தாண்டினோம். கசகசா மரம் வேரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. இலையெல்லாம் சுருண்டு கறுத்திருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏற ஓடினார்கள். பெற்றவர்கள் அவர்களைப் பிடிக்க ஓடினார்கள். சாய்ந்து கிடக்கிற மரத்தில் பூங்கொத்தி எப்படிக் கூவியது என்று யாரும் யோசிக்கவில்லை. லாயிட் மரத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். "வாக்கா, வெயில் ஏறுது" என்று முன்னால் நடந்தான்.

வீட்டுக்கு வந்து, சமையலை அப்படியே போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். ஃபேக்டரியில் நாங்கள் ஒன்றைக் கவனிப்போம். ஒவ்வொரு பண்டிலிலும் எத்தனை பீஸ் டேமேஜ் என்று செக்கர் எழுத வேண்டும். மூன்று, பூஜ்யம், ஐந்து, ஒன்று என்று இருந்தால் பார்த்து எழுதியது. இரண்டு, இரண்டு, இரண்டு என்று வரிசையாக வந்தால் அந்தப் பெண் பண்டிலைப் பிரிக்கவே இல்லை என்று அர்த்தம். இப்படி எத்தனையோ பேரை நான் பிடித்திருக்கிறேன்.

போன தீபாவளி வரைக்கும் பூங்கொத்தி ஒன்று, மூன்று, இல்லை, நான்கு என்று ஏறி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எல்லா வாரமும் இரண்டு. வெள்ளைக்கண்ணி என்ற குருவி எல்லா வாரமும் ஆறு. சிறால் மீன்கொத்தி எல்லா வாரமும் ஒன்று. மூன்றும் மெல்லிய, கூர்மையான குரல் உள்ளவை. மூன்றுக்கும் காதுக் கட்டத்தில்தான் டிக். இருபத்தேழு வாரம். எண்பத்தொரு டிக். எல்லாம் என் கையெழுத்து.

கேரலைக் கூப்பிட்டேன். அவள் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அன்றைக்கு எங்களோடு வந்திருந்தாள்.

"திருப்பத்துக்கு முன்னாடி எதாச்சும் கூவுச்சா?"

"இல்ல அத்தை."

"அப்பா சொன்னாரே."

"அப்பாக்கு தெர்மாமீட்டர் சத்தம் கேக்கறதில்ல அத்தை. அம்மாக்கு ஜுரம் வந்தப்போ, இன்னும் அடிக்கல இன்னும் அடிக்கலன்னு வாயிலயே வச்சினு இருந்தாரு. அது மூணு தடவ அடிச்சிது. பேசினா நல்லா கேக்குது. சின்னச் சத்தம் மட்டும்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க நோட்டுல எழுதிடுவீங்க."

மறுநாள் மதியம் பட்டறைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மெஷின் நின்றும் என் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நோட்டை விரித்து அவன் முன்னால் வைத்தேன். அவன் டிபன் பாக்ஸை மூடினான்.

"அங்க எப்பவும் ரெண்டு இருக்கும்க்கா."

"இருக்கும். நீ கேட்டியா?"

"பதினோரு வருசமா கேட்டிருக்கேன்."

"நேத்து கேட்டியாடா?"

கையில் ஒட்டியிருந்த சோற்றைக் கட்டைவிரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தான்.

"தீபாவளி வெடியாலதான்னு நெனச்சேன்" என்றான் பிறகு. "பத்து நாள்ல சரியாயிடும்னு பாத்தேன். கிறிஸ்மஸ் வந்துது, ஈஸ்டரும் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதுல ஒண்ண மாட்டி, கேட்டா பட்டன அமுத்துன்னாங்க. பாதிக்கு மேல அமுத்தவே இல்ல. டெஸ்ட் எடுத்த பொண்ணு என்ன வேல செய்றீங்கன்னு கேட்டுது. சொன்னேன். அதுக்கப்புறம் அது ஒண்ணும் கேக்கல."

"பொய்யா எழுத வச்சிட்டியே என்ன."

"பொய் சொல்லணும்னு நெனச்சு சொல்லலக்கா. அந்த இடம் வந்தா வாய் தானா சொல்லிடுது." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்து, "இதையும் விட்டுட்டா ஞாயித்துக்கிழமை நான் யாரு?" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அவன் காலைப் பார்த்தேன். செருப்புக்கு வெளியே விரலெல்லாம் இரும்புத் தூள். என்னவோ எனக்கும் அசதியாக இருந்தது. சிறு வயதிலிருந்து அவனுக்காக எத்தனை பேரிடமோ போய்ப் பேசியிருக்கிறேன். இதை நான் பேசக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"நீ சொல்லு. இல்லன்னா இந்த நோட்ட நீயே வச்சிக்க. கேக்காதத நான் எழுதமாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவன் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேரல் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். நான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். "நீ உக்காருக்கா, அவ பஸ்ல வருவா" என்றான்.

வாசலில் பதினான்கு பேர் இருந்தார்கள். லாயிட் அவர்களைப் போர்டுக்கு முன்னாலேயே நிறுத்தினான். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி, நடுவில் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ். பட்டறையில் முப்பது வருஷம், காது போய்விட்டது, மெல்லிய குரல் எதுவும் கேட்பதில்லை, தீபாவளியிலிருந்து மூன்று பறவைகளைக் கேட்காமலே சொன்னேன். அவ்வளவுதான் பேசினான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. ஆனால் தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றியிருந்தான்.

ஷில்பா என்கிற கன்னடக்காரப் பெண் இரண்டு பிள்ளைகளோடு வருவாள். "இர்லி சார், இருக்கட்டும், நமக்கு அந்தக் குருவி கண்ணுக்கே தெரியாது, கேட்டா என்ன, கேக்காட்டி என்ன" என்றாள். நல்ல மனதோடு சொன்னாள். லாயிட்டுக்கு அதுதான் அதிகம் வலித்தது. எனக்குத் தெரியும்.

கஸ்தூரிரங்கன் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உங்க பேரப் போட்டு நான் ஒட்டினேன், லாயிட்."

"ஆமா சார்."

"ஏழு மாசம்."

"அந்த மூணு பேர மட்டும் அடிச்சிடுங்க சார். மத்ததெல்லாம் பாத்தது, இல்லன்னா பெரிய குரல். அது சரியாத்தான் இருக்கும்."

"சரியா இருக்கும்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்" என்றேன். "மத்ததுல நம்பர் ஏறி எறங்கியிருக்கு. நான் பாத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நோட்டுல முதல்ல அடிச்சுக் குடுங்கம்மா. நான் புதுசா டைப் பண்ணி ஒட்டறேன்" என்றார். அன்றைக்கு அவர் எங்களோடு நடக்க வரவில்லை. இன்னொரு குடும்பமும் காபி குடிக்கப் போவதாகச் சொல்லித் திரும்பிவிட்டது.

"சின்னக் குரலுக்கெல்லாம் கேரல் இருக்காளே" என்றாள் ஷில்பா.

"எல்லா வாரமும் வரமுடியாதுக்கா" என்றாள் கேரல் உடனே. "எனக்கு எக்ஸாம் இருக்கு. அதோட எனக்குக் கேக்கும், என்னன்னு தெரியாது."

அவர்கள் நடந்தார்கள். நான் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். ஒரே கோடு, நடுவில், அடித்தது என்னவென்று படிக்கத் தெரிகிறமாதிரி. பக்கத்தில் தேதி, என் கையெழுத்து. நவம்பர், டிசம்பர் பாதி. கை வலித்தது. போர்டுக்குப் பக்கத்தில் கஸ்தூரிரங்கனின் கார் கிளம்பிப் போனது.

தலை நிமிர்ந்தால் லாயிட் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?"

"டிசம்பர்ல நிக்குது."

"அப்புறம் அடிச்சிக்கலாம். எந்திரி. அங்க வேலிப் பக்கம் ஏதோ கூவுதாம். கேரலுக்குச் சொல்லத் தெரியல."

கையைக் கொடுத்து என்னை எழுப்பினான். வேலி ஓரம் புதருக்கு முன்னால் எல்லோரும் நின்றிருந்தார்கள். எனக்கே கேட்டது. மெல்லிய சத்தம், விட்டு விட்டு. லாயிட் கேரலின் உதட்டைப் பார்த்தபடி நின்றான்.

"எப்டி இருக்குன்னு நீ விசிலடி. கனமா அடி, எனக்குக் கேக்கறமாதிரி."

கேரல் வெட்கப்பட்டாள். பிறகு தாழ்ந்த சுருதியில் விசிலடித்தாள். இரண்டு முறை சரியாக வரவில்லை. மூன்றாவது முறை அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கடைசில கீழ எறங்குதா?"

"ஆமாம்பா."

"ஒண்ணா, நெறைய சேர்ந்தா?"

"நெறைய."

"வெள்ளைக்கண்ணியா இருக்கலாம்." ஷில்பாவின் பிள்ளைகள் என் நோட்டைப் பார்த்தார்கள். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். லாயிட் கையை நீட்டித் தடுத்தான். "இரு அக்கா. பாத்துட்டு எழுதலாம்."

அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வெயில் ஏறியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புதர் இரண்டு முறை அசைந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது என்று கேரல் சொன்னாள். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பேனாவை மூடினேன்.