ஆறேகால் அடி

விருந்துக்குப் போன வீட்டில் அக்கா முதல் வேலையாகக் குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். கதவு போய் வாளியில் இடித்தால் அப்புறம் சாப்பாடு இறங்காது. "வரைஞ்சவன் ஒரு தடவை உள்ள போயிட்டு வந்திருக்கலாம்" என்பார். வந்த இடத்தில் சும்மா இருக்கும்படி கணவர் முழங்கையால் இடிப்பார்.

கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் வரைகிறார். இப்போது கையில் இருப்பது அறுபத்தோரு மாடிச் சொகுசுக் குடியிருப்பு. நாற்பதாவது மாடி நீச்சல் குளமும் பளிங்குக் கூடமும் வரைவது அலுவலகத்து இளையவர்கள். குப்பைக் குழாய், சாமான் ஏற்றும் லிஃப்ட், வேலைக்காரர் அறை எல்லாம் இவர் தலையில். 'புறவாசல் அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கோபித்துக்கொள்ளும் தெம்பெல்லாம் எப்போதோ போயிற்று. நான்கு மணிக்கு மேல் திரையில் ஒரு கோடு இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரைகிறார்.

பதினோராவது திருத்தம் போன மாதம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் செருப்பு அலமாரி இரண்டடி வளர வேண்டுமாம். அதை ஒட்டி இருப்பது வேலை செய்பவர் படுக்கும் அறை. ஏழடி நீளம் ஐந்தடியாயிற்று.

அக்கா தலைமைக் கட்டடக் கலைஞரிடம் போனார். "அஞ்சடில காலை நீட்டிப் படுக்க முடியாதுங்க சார்."

அவரும் களைத்துத்தான் இருந்தார். "வாங்குறவங்க அந்த ரூமை எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்கம்மா."

"படுக்கிறவங்க பாப்பாங்கல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரியில் கை வைக்காமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னார்.

அறையின் மறுபக்கச் சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் சந்து இருந்தது. முன்னும் பின்னுமாக நின்ற குழாய்களை ஒரே வரிசையில் நிறுத்த மூன்று நாள் மல்லுக்கட்டினார். ஒன்றேகால் அடி கிடைத்தது. அதற்காக, வீடுகள் வரும் ஐம்பத்து நான்கு மாடிகளின் படங்களையும் திருத்தினார். தலைமைக் கலைஞர் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தரையில் ஒட்டுநாடாவால் அந்த அறையின் அளவைக் குறித்தார். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா நல்ல உயரம். அவரைக் கூப்பிட்டு, ஒரு நிமிஷம் படுத்துக் காட்டச் சொன்னார். அந்த அம்மா கூச்சத்தோடு சிரித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாடாவுக்குள் காலை நீட்டினார். குதிகாலுக்கு அப்பால் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது.

"இடிக்குதாம்மா?"

"இல்லம்மா. தாராளமா இருக்கு."

அளவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப் போயிருந்தார். எழுப்பக் குனிந்தவர் நிமிர்ந்துகொண்டார். சாப்பிட்டு முடித்தவர்கள் பேசிக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது. அக்கா தன் நாற்காலியைத் தூக்கி வந்து, நாடாவின் ஓரத்தில் வழியை மறித்துப் போட்டு உட்கார்ந்தார்.