நைனா வரிசையில் நின்ற மாலைகள்

நான் தைவானுக்குக் கிளம்பிய அன்று நைனா விமான நிலையத்துக்கு வரவில்லை. முந்தின நாள் ஏற்றிய கன்டெய்னரோடு எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார். டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு அது புதிதில்லை. ஆறு மணி நேரமும் ஆகும், ஒரு நாள் முழுக்கவும் ஆகும். வண்டியை விட்டுவிட்டு எங்கேயும் போகமுடியாது. முன்னால் நிற்பவர் பத்தடி நகர்ந்தால் பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்திவிடுவார்.

எர்ணாவூரிலிருந்து அம்மாவும் நானும் டாக்ஸியில் அந்தச் சாலை வழியாகத்தான் போனோம். திருவொற்றியூர் தாண்டியதும் நைனாவின் வண்டி தெரிந்தது. அவர் ஏற்கனவே இறங்கி, பாதி ரோட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். டாக்ஸி நின்றது. ஜன்னலில் குனிந்தார்.

"பாஸ்போட்டு கீதுல்ல?"

"கீது நைனா."

"கைலயே வச்சிக்க. பெரிய பையில போட்டுடாத." பிறகு டிரைவரிடம், "அண்ணே, பாரிஸ் கார்னர் பக்கம் வுடாத, ஜாம் ஆயிகினு கீது. மூலகொத்தளம் வயியா போயிடு" என்றார்.

பின்னால் ஹாரன் அலறியது. வரிசை நகர்ந்துவிட்டது. நைனா திரும்பி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று, அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே கேபினில் ஏறியதைப் பார்த்தேன். என்னை வழியனுப்பியது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நைனாவிடம் எதையும் அம்மா வழியாகத்தான் சொல்வோம். கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க அனுப்புகிறார்கள், எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதையும் அப்படித்தான் சொன்னேன். அவர் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்கிவிடுவார். நானும் அவரும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கோபமோ வருத்தமோ எதுவும் கிடையாது. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

காவ்சியுங் என்ற ஊரில் பல்கலைக்கழகம். அதுவும் துறைமுக ஊர்தான். விடுதி அறையில் என்னோடு ஒரு வியட்நாம் பெண் இருந்தாள். அவளும் என்னைப் போல ஒரு செமஸ்டருக்கு வந்தவள். போய்ச் சேர்ந்த நான்காம் நாள் விடுதிச் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வீடியோவில் நைனா. அவர் எனக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

"அங்க மணி இன்னா?"

"ஆறே கால் நைனா."

"இங்க மூணே முக்கா. லைன்ல நிக்கிறேன்."

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவர் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. என் பின்னால் தண்ணீர் கொதித்தது.

"இன்னா செய்யப்போற?"

"மீன் வாங்கிட்டு வந்தேன். கொழம்பு வைக்கத் தெரியல. புளியும் கெடைக்கல."

"தக்காளிய நெறைய போடு. எலுமிச்சம்பயம் கடசில புயிஞ்சிக்க. அடுப்ப அணச்சிட்டுப் புயி, இல்லாங்காட்டி கசந்துடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நைனா அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை. கேட்டதற்குச் சிரித்தார். வரிசையில் நாள்கணக்கில் நிற்கிறபோது டிரைவர்கள் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்களாம். அந்தக் கூட்டத்தில் மீன் குழம்பு என்றால் நைனாதானாம். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கெயமை லீவு கேப்பா. அதான் சொன்னதில்ல" என்றார்.

அன்றிலிருந்து வரிசையில் நிற்கும் நாளெல்லாம் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். போனைக் கண்ணாடி ஓரம் சாய்த்து வைத்துவிட்டு, பத்தடி பத்தடியாக வண்டியை நகர்த்திக்கொண்டே பேசுவார். நான் சமைத்துக்கொண்டே பேசுவேன். வியட்நாம் பெண் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி போனுக்குள் தலையை நீட்டி, "நைனா, நல்லா கீது!" என்றாள். நைனாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. போனைப் பக்கத்து வண்டிக்காரரிடம் நீட்டி, "கேளு, கேளு, இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லும்மா" என்றார். அப்புறம் அந்தப் பெண் தினமும் அவரைத்தான் முதலில் விசாரிப்பாள்.

இரண்டாவது மாதம் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்களுடையது எனக்குப் புரியவில்லை. நான் பேச ஆரம்பித்தால் எல்லோரும் மரியாதையாகச் சிரித்துவிட்டு மேற்கொண்டு போய்விடுவார்கள். நான்கு நாள் வகுப்புக்கே போகவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக ஊருக்குத் திரும்புகிறேன் என்று ஒரு கடிதம்கூட அடித்து வைத்துவிட்டேன்.

நைனா கூப்பிட்டபோது படுத்திருந்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? ஒடம்பு சரியில்லயா?"

நான் அழுதுவிட்டேன். "பயமா கீது நைனா. வந்துடறேன்" என்றேன்.

வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"நீ ஆறு மாசக் கொயந்த. எனக்கு துபாய்ல டிரைவர் வேல கெடச்சிது. விசா, டிக்கெட்டு எல்லாம் கைல கீது. ஏர்போட்டுக்குப் போனேன். வெளிய பெஞ்சில குந்திகினு இருந்தேன். எல்லாரும் உள்ள போறான். எனுக்குக் கால் வரல."

"அப்புறம்?"

"பிளேன் போயிடிச்சி. எலெக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சி வந்துட்டேன். வூட்டுக்கு வர வெக்கம். ரெண்டு நாளு தண்டையார்பேட்டைல தோஸ்து ஒருத்தன் ஷெட்ல படுத்துகினு இருந்தேன். மூணா நாளு வந்து, ஏஜெண்டு ஏமாத்திட்டான்னு உங்கம்மா கிட்ட சொல்லிட்டேன்."

அந்த ஏஜெண்டை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அம்மா திட்டக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். கரண்டு போனால்கூட அவனைத்தான் திட்டுவாள்.

"பாவம் நைனா அந்த ஆளு."

"பாவம்தான். நல்ல மனுசன்." நைனா மூக்கை உறிஞ்சினார். "நீ வரணும்னா வந்துடு. நான் எதுவும் கேக்க மாட்டேன். உன்னியும் ஒரு ஏஜெண்டு ஏமாத்திட்டான்னு சொல்லிக்கலாம்."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வரிசை நகர்ந்து பின்னால் ஹாரன் அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கடிதத்தை நான் அனுப்பவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போனேன். எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. ஒருத்தி மட்டும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அட்டவணைகள் போடும் வேலையை என்னிடம் தந்தார்கள். வாயால் சொல்ல முடியாததை எழுதிக் காட்டினேன். சுமாரான மதிப்பெண்ணோடு தேறினேன்.

நான்காவது மாதம் ஒரு நாள் நைனா கூப்பிட்டு உற்சாகமாகக் கத்தினார். "இன்னிக்கு லைனே இல்லமா! கேட்டாண்ட போனேன், நேரா உள்ள வுட்டுட்டான்!" வண்டிகளை வேறு வழியாகப் பிரித்து விடுகிறார்களாம், சீட்டு பார்ப்பதையும் சீக்கிரமாக்கிவிட்டார்களாம். "சந்தோசம் நைனா" என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். எத்தனை வருடமாக அந்த வெயிலில் நின்றிருக்கிறார். ஆனால் அடுத்த நாள் ஆறே காலுக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வியட்நாம் பெண் குக்கரைத் திறந்துகொண்டே, "இன்று நைனா?" என்று கேட்டாள். வரிசை இல்லை என்றேன். அவள் முகம் வாடிப்போனது. எனக்கும்தான். மழையில் லாரிகள் தேங்கிய இரண்டு நாள் மறுபடி கூப்பிட்டார். மழை எப்போது பெய்யும் என்று அங்கிருந்தே சென்னை வானிலையைப் பார்க்க ஆரம்பித்தேன். மகள் செய்கிற காரியமா அது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

செமஸ்டர் முடிந்து வீடு திரும்பினேன். நைனா என் பெட்டியை வாங்கி மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனார். "சோறு துன்ட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். நேருக்கு நேர் உட்கார்ந்தால் பழையபடி கூச்சம் வந்துவிட்டது. போனில் அவ்வளவு பேசிய மனிதரா இவர் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

இப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் ஆபீசில் வேலை செய்கிறேன். சாயங்காலம் பஸ் ஏறியதும் நைனாவுக்குப் போன் செய்கிறேன். எர்ணாவூர் வரும்வரை பேசுவோம்; வீட்டில் இருந்தால் அவர் அம்மாவுக்குத் தெரியாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். நேற்றும் அப்படித்தான்; அவர் வண்டியில் டயர் வெடித்தது, வியட்நாம் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, என் ஆபீசில் ஒருவர் பண்ணுகிற பேஜாரு எல்லாம் பேசினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் போனபோது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெத்த பொண்ணு வேலைக்குப் போயிட்டு வருது, ரெண்டு வார்த்த பேசினா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று நைனாவைக் கேட்டாள்.

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.